யாருக்குப் பாடு இல்லை?

என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார். மாதக் கடைசியில் பானை நிறைந்துவிடும். அதை யாருக்குக் கொடுப்பது என்று அவர் உட்கார்ந்து யோசித்து நான் பார்த்ததில்லை. தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டு ஆள் வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இருட்டிய பிறகு முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்க வேண்டும் என்பது எனக்கு இருபது வருடக் கனவு. பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கிவிட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு அறக்கட்டளையின் பெயர், அறங்காவலர்களாக யார் யார் இருப்பது, பெயர்ப்பலகை எந்த நிறத்தில் இருப்பது என்பது வரை எழுதியும் வைத்தேன். ‘யாருக்கு?’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் மட்டும் ‘ஏழைகளுக்கு’ என்ற ஒரே சொல் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அம்மாவின் பானை நினைவுக்கு வரும். அவருக்கு வீடு தெரிந்திருந்தது. எனக்கு ஒரு சொல்தான் தெரிந்திருந்தது.

அதனால்தான் ஒரு காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினேன். மீஞ்சூர் எனக்குப் புதிய ஊர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஒன்றியத்தில் மூன்று வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். பழவேற்காட்டு மீனவக் குப்பங்கள் எல்லாம் மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்துக்குள்தான் வருகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு உடன் வேலை பார்த்தவர்களோடு இரண்டு மூட்டை பழைய துணிகளைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தேன். சாலை ஓரத்தில் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இறக்கிவிட்டுப் போன துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. மழையில் நனைந்து, வண்டிச் சக்கரம் ஏறி, மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தன. வீட்டையும் வலையையும் இழந்து நின்ற ஒரு பெண் எங்கள் மூட்டையைப் பார்த்துவிட்டு, “இன்னும் துணியாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அந்தக் குரல் இன்றுவரை என்னோடு இருக்கிறது.

*

சென்ட்ரலை விட்ட வண்டி கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தாண்டித் திருவொற்றியூரில் நின்றது. காலி அலுமினியக் கூடைகளோடு நான்கு பெண்கள் இறங்கினார்கள். கூடை காலி என்றால் வியாபாரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். விடிவதற்குள் அவர்களுக்கு ஒரு நாள் கழிந்திருந்தது.

இந்த ஊர்ப் பெயரைப் பார்த்தால் எனக்கு வள்ளலார் நினைவு வரும். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்த இளைஞர் இராமலிங்கம், அங்கிருந்து திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்கு நடந்தே வந்து போனவர். அந்த நடை கடைசியில் வடலூரில் போய் நின்றது. 1867 மே 23ஆம் தேதி அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, சமயம் எதுவும் கேட்காமல் பசித்து வருகிறவருக்குச் சோறு. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக ஓர் அடுப்பு எரிவதற்கு அரிசியும் விறகும் மட்டும் போதாது என்று அந்த ரயிலில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். சுற்றுவட்டார விவசாயிகள் அறுவடைக்கு அறுவடை நெல்லும் காயும் கொண்டுவந்து போட்டார்கள். ஊர் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட தருமம் அது. தொடங்கியவர் போன பிறகும் ஊர் இருந்தது.

எண்ணூர் தாண்டியதும் சன்னலுக்கு வெளியே நிலம் மாறுகிறது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம், மின்கோபுரங்கள், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள், சாம்பல் படிந்த புதர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இந்தக் கழிமுகத்தில் பரவியபோது மீனவர்கள் படகில் போய் மக்காலும் வாளியாலும் அந்த எண்ணெயை அள்ளிய படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் அந்தத் தண்ணீரைக் காட்டி, “இதுல முட்டியளவு எறங்குனாலே எறா கெடைக்கும்மா அப்பல்லாம்” என்றார். அவர் ‘அப்ப’ என்றது எந்த வருடத்தை என்று நான் கேட்கவில்லை. இந்தக் கரையில் ஒவ்வொருவருக்கும் ஓர் ‘அப்ப’ இருக்கிறது.

*

மீஞ்சூருக்கு வடகாஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. காஞ்சிபுரத்தைப் போலவே இங்கும் ஏகாம்பரநாதரும் வரதராசரும் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. ஆழமான, நிறையத் தண்ணீர் உள்ள கிணறு. ஆனால் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. பிள்ளைகள் கை கழுவினால் சோப்பு நுரைக்காது.

ஏன் அப்படி என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. 1960களில் சென்னையின் தாகத்துக்காக ஆரணியாறு, கொசஸ்தலை ஆறு பாயும் இந்தப் படுகையில் தேடிப் பார்த்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் கிணற்று வயல்கள் அமைத்தார்கள். மணலுக்கடியில் அருமையான நன்னீர். வருடக் கணக்காக உறிஞ்ச உறிஞ்ச நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கியது. நன்னீர் விட்ட இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நெல் விளைந்த நிலங்கள் தரிசாயின. பிறகு 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அதற்கும் மீஞ்சூர் ஆலை என்றுதான் பெயர்.

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னை. எங்கள் தெருக்குழாயில் நான் சின்ன வயதில் குடம் வைத்துப் பிடித்த தண்ணீரில் இந்த ஊர்த் தண்ணீரும் இருந்திருக்கும். மீஞ்சூர் நிலையத்து நடைமேடையில் இறங்கி நின்றபோது அந்த நினைப்பு வந்து, கொஞ்ச நேரம் நகராமல் நின்றேன். இந்தப் பக்கத்து மக்களுக்கு நான் கொடுக்கப் போகிறேன் என்றுதானே கிளம்பினேன்? கணக்குப் பார்த்தால் நான் வாங்கியவள். வாங்கியதைத் திருப்பித் தருவதற்குப் பெயர் தருமம் இல்லை. அன்று காலை தோன்றிய அந்த எண்ணம் மாலைவரை பல விதங்களில் உறுதியாகிக்கொண்டே வந்தது.

*

மீஞ்சூரிலிருந்து பேருந்தில் பொன்னேரி, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் பழவேற்காடு. பொன்னேரியை ஒட்டி ஓடும் ஆரணியாற்றைப் பிடித்து மேற்கே போனால் அதே ஆற்றங்கரையில் பெரியபாளையம். வேப்பிலை ஆடை கட்டிக்கொண்டு பக்தர்கள் வலம் வரும் பவானி அம்மன் கோயில் ஊர். அறக்கட்டளை தொடங்க நினைக்கும் எவரும் அந்த ஊரில் 1754இல் பிறந்த ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சையப்ப முதலியார். தகப்பன் இல்லாத பிள்ளையாகச் சென்னைக்குப் போய், துபாஷியாகப் பெரும் பொருள் சேர்த்து, 1794இல் நாற்பது வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்பு தன் சொத்தைத் தருமத்துக்கென்று உயில் எழுதிவைத்தார்.

எழுதியவர் மனசு தங்கம். ஆனால் அவர் கண் மூடிய பிறகு உயில் வழக்குகளில் சிக்கியது. பணம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 1842இல்தான் அவர் பெயரால் சென்னையில் பள்ளி திறக்கப்பட்டது. இடையில் நாற்பத்தெட்டு வருடம். அந்தப் பள்ளியும் பின்னர் வந்த கல்லூரியும் எத்தனை ஆயிரம் குடும்பங்களைக் கரையேற்றின என்பதை நாடறியும். ஆனாலும் பேருந்தில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டது அந்த நாற்பத்தெட்டு வருடத்தைப் பற்றி. தருமம் செய்ய மனசும் பணமும் இருந்தும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கை இல்லாவிட்டால் ஒரு தலைமுறைக்கு மேல் வீணாகிறது.

*

பழவேற்காட்டுக்குப் பேருந்து நுழையும்போதே கருவாட்டு வாசனை வருகிறது. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரிய ஏரி என்றதும் ஆழம் என்று நினைக்கக் கூடாது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கிறார்கள், 1613இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் மிச்சம் எங்கே என்று கேட்கிறார்கள், குளிர்காலத்தில் பூநாரைகளைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நான் கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் நின்றேன்.

கால் கட்டைவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் ஒவ்வொரு கண்ணாகப் பின்னிக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வலைக்குக் குனிந்தார்.

“ஒதவின்னா யாருக்கும்மா செய்யப் போறீங்க?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன், ஐயா.”

“அப்ப மொதல்ல பாடு தெரியணும்” என்றார். பிறகு அரைமணி நேரம் பொறுமையாகச் சொன்னார்.

கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் அதிகம். நீர் ஏறி இறங்கும்போது அந்த வழியாகத்தான் அது போய் வரும். அங்கே கழி நட்டு வலை கட்டினால் நல்ல வரும்படி. எல்லோரும் அங்கேயே போய்க் கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் எந்த ஊருக்கு எந்த நாள், அந்த ஊருக்குள் எந்தக் கூட்டத்துக்கு எந்த இடம் என்று முறை வைத்திருக்கிறார்கள். குலுக்கிப் போட்டு எடுப்பதால் யாருக்கு நல்ல இடம், யாருக்குச் சுமாரான இடம் என்பது யார் கையிலும் இல்லை. இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை தள்ளிப் போவார். இதற்குத்தான் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் வழிவழியாக இந்தப் பாட்டை நடத்தி வருகின்றன. கொச்சிக் காயலிலும் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதைப் போன்ற முறைகள் உண்டு.

“ஒடம்பு சரியில்லாம படுத்துட்டா?”

“அவன் மொறை அவனுக்குத்தாம்மா. ஊரு பாத்துக்கும்.”

எனக்கு மெய் சிலிர்த்தது. தமிழில் இந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! பாடு என்றால் துன்பம், பாடு என்றால் உழைப்பு. பாடுபட்டவன் என்கிறோம், அவன் பாடு திண்டாட்டம் என்கிறோம். இந்த ஏரிக்காரர்கள் அதே சொல்லுக்கு ‘முறை’ என்று ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். உழைக்கிறவனுக்குத் தன் முறை வருமென்ற உறுதி. யாரும் யாருக்கும் கொடுக்காமலேயே ஊரில் ஒருவரும் பட்டினி கிடக்காதபடி அமைத்த ஏற்பாடு. அறக்கட்டளை என்றால் நான் மனதில் வைத்திருந்த படத்தைவிட இது எத்தனையோ உயரத்தில் இருந்தது.

பிறகு நான் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “பாடு இல்லாதவங்க யாராவது இருக்காங்களா, ஐயா?”

ஊசி நின்றது. ஏரியின் மேற்குக் கரைப் பக்கம் கையைக் காட்டினார். “இருக்காங்க. காலைல போய்ப் பாருங்க, தண்ணியில இருப்பாங்க.”

அந்த நேர்மைக்காக அவரை நான் மறக்க மாட்டேன். பாடு, பட்டினவர் சமுதாயத்து ஊர்களின் ஆண்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட முறை. ஏரியை நம்பியிருக்கும் மற்றச் சமூகங்களுக்கு, குறிப்பாகத் தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும், அதில் இடம் கிடையாது. அதையொட்டிப் பூசல்களும் நடந்திருக்கின்றன. மணல் அடைத்து முகத்துவாரம் மூடிப்போகும்போதும், ஆலைகளும் துறைமுகமும் தெற்கே பெருகிக் கடலிலும் கழிமுகத்திலும் தொழில் சுருங்கும்போதும், பாடு உள்ளவர்களே கடனில் விழுகிறார்கள். பாடே இல்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

*

இரவு பழைய தோழி ஒருவர் வீட்டில் தங்கி, மறுநாள் விடிகாலையில் மேற்குக் கரைக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக, குனிந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். இருளர் பெண்கள். கையில் வலை இல்லை. பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு கைகளும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே போகின்றன. விரல் நுனியில் இறால் தட்டுப்படும் கணத்தில் கை மூடுகிறது, மேலே வருகிறது, பறிக்குள் போகிறது. முகம் எங்கும் திரும்புவதில்லை. கடித்த பல்லைத் திறக்க முடியாது என்பதால் வேலை முடியும்வரை யாரும் பேசுவதும் இல்லை. அந்த அமைதியில் தண்ணீர் சலம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று மணி நேரம் கழித்துக் கரையேறியவர்களில் நடுவயதுப் பெண் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வலது ஆள்காட்டி விரலில் பழைய வெட்டுத் தழும்பு. சிப்பி கிழித்தது என்றார். கட்டைவிரலில் புதிதாக ஒரு குத்து. கெளுத்தி முள். பறியைக் கவிழ்த்துக் காட்டினார். இரண்டு கைப்பிடி இறால் இருக்கும்.

என் அறக்கட்டளைக் கனவைச் சொன்னேன். அரிசி, பருப்பு, போர்வை, பிள்ளைகளுக்கு நோட்டு என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் குறுக்கே வராமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் சொன்னார்:

“அரிசி ரேசன்ல வருதுக்கா. எனக்கு எம் பொண்ணுக்கு சாதிச் சான்று வேணும். அந்த ஆபீசுக்கு என்கூட வர்றதுக்கு ஒரு ஆளு இருந்தா போதும்.”

மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மேலே படிக்க, உதவித்தொகை வாங்க, விடுதியில் சேர, எல்லாவற்றுக்கும் பழங்குடியினர் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் அதைக் கோட்டாட்சியர் நிலையில்தான் கொடுப்பார்கள். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சான்று இருந்தால் சுலபம். இவர்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. செங்கல் சூளை, அரிசி ஆலை என்று முன்பணம் வாங்கிய இடத்திலெல்லாம் போய் வாழ்ந்த குடும்பம். அவர் பிறந்த இடத்துக்கே காகிதம் கிடையாது. மூன்று முறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இன்னொரு காகிதம் கேட்டிருக்கிறார்கள்.

“போற அன்னிக்கு எறா புடிக்க முடியாது. பஸ்ஸுக்குக் காசு. அங்க போய் இன்னா சொல்றதுன்னும் தெரியல. பேச ஆரம்பிச்சா வாய் ஒட்டிக்குது.”

பறியைக் கடித்த வாய் மூன்று மணி நேரம் திறக்காதிருந்ததைக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பார்த்திருந்தேன். எனக்குப் பேச வரவில்லை.

இருளர்கள் அரசாங்கக் கணக்கில் தமிழ்நாட்டின் மிகவும் நலிவடைந்த ஆறு பழங்குடிகளில் ஒரு பிரிவினர். அவர்களுக்கென்று வீட்டுத் திட்டம், கல்வி உதவி எல்லாம் உண்டு. 2023 நவம்பரில் நலிந்த பழங்குடிகளுக்கென்றே மத்திய அரசு ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலிருந்தே இருக்கிறது. பணம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஏரிக்கரையில் இறால் தடவும் பெண்ணுக்கும் அவற்றுக்கும் நடுவே இருப்பது நான்கு காகிதமும், அந்தக் காகிதத்துக்காக இழக்க வேண்டிய சில நாள் கூலியும், பேசத் தெரிந்த ஓர் ஆளும்.

அவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அரிசி டப்பாவுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். அதற்குள் இன்னோர் உறை. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, மகளின் மதிப்பெண் சான்றிதழ், யாரோ எழுதிக்கொடுத்த மனுவின் நகல். மிக்ஜாம் வெள்ளத்தில் குடிசைக்குள் தண்ணீர் வந்தபோது அந்த உறையைத் தலையில் கட்டிக்கொண்டு வெளியேறினாராம். வேறு எதையும் எடுக்கவில்லை.

*

திரும்பும் வழியில் தொழில் கொடுத்து நிமிர்த்திய ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டேன். பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்ட பிறகு பிழைப்பிழந்து நின்ற இருளர்களுக்காக 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு திரும்பவும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் முக்கிய ஆதாரம். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அங்கே யாரும் இருளருக்குப் பிச்சை போடவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வித்தைக்கு ஓர் இடம் உண்டாக்கினார்கள். அவர்களுக்கென்று ஒரு பாடு.

பழவேற்காட்டிலேயே பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் முஸ்லிம் பெண்களைப் பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன். சாயம் தோய்த்த ஓலைகளைத் திண்ணையில் பரப்பி, வீட்டு வேலைக்கு நடுவே முடைகிறார்கள். “கைவேலைக்குப் பஞ்சமில்ல, வாங்குற ஆளுக்குத்தான் பஞ்சம்” என்றார் ஒரு பாட்டி. அங்கேயும் ஒருவர் கேட்டது பணமில்லை, சந்தைக்கு ஒரு வழி.

ரயிலில் நோட்டைத் திறந்தேன். அறக்கட்டளை தொடங்குவதன் சட்ட வழிகள் எல்லாம் முன்பே எழுதி வைத்திருந்தேன். பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் டிரஸ்ட். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்தால் சங்கம். லாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் கம்பெனிச் சட்டத்தின் 8ஆவது பிரிவு. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் எல்லோரும் சொல்லும் 80ஜி. வருகிற பணத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கே செலவழிக்க வேண்டும், வருடா வருடம் தணிக்கை. பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது, பதிவு செய்த அமைப்பாக இருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். எல்லாம் அவசியமானவை. பச்சையப்பரின் நாற்பத்தெட்டு வருடத்தை நினைத்தால் மிகவும் அவசியமானவை. ஆனால் இவையெல்லாம் ‘எப்படி’ என்ற பக்கத்துக்கு உரியவை.

‘யாருக்கு?’ என்ற பக்கத்தில் ‘ஏழைகளுக்கு’ என்பதை அடித்துவிட்டு, ‘பாடு இல்லாதவர்களுக்கு’ என்று எழுதினேன். கீழே அந்த அக்காவின் மகளை முதல் ஆளாகக் குறித்துக்கொண்டேன். பெயர்ப்பலகைக்கு ஒதுக்கியிருந்த தொகையை எடுத்து வேறு வரியில் போட்டேன்: அலுவலகம் போகும் நாளின் கூலி, பேருந்துக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு. பதிவு செய்வது ஒரு வருடம் கழித்து. அதுவரை வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கரையில் இருப்பது. அம்மாவுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்திருந்ததே, அந்த அளவுக்காவது எனக்கும் தெரிய வேண்டும்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் மூவரும் போனோம். அக்காவும் மகளும் நானும். அந்த அக்கா அன்று ஏரியில் இறங்கவில்லை. அன்றைய வரும்படியை நான் நீட்டியபோது முதலில் மறுத்தார். இது தருமம் இல்லை, நான் குடித்த தண்ணீருக்கான கடன் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, வாங்கிச் சேலை முனையில் முடிந்துகொண்டார்.

அலுவலக வராந்தாவில் நீண்ட பெஞ்சு. எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். மகள் மனுவை மூன்றாவது முறையாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மடியில் அந்தப் பிளாஸ்டிக் உறை. ஒவ்வொருவராக உள்ளே போய் வரும்போதும் பெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தோம்.

“நம்ம மொறை வந்துருமாக்கா?” என்று கேட்டார்.

“வரும். வர்ற வரைக்கும் நான் இருக்கேன்” என்றேன்.